பொருந்தாமையின் இலக்கணம்: உலக பிளக்குகள் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

மின்சாரம் எங்கும் மின்சாரம்தான். அதைச் சுவரிலிருந்து எடுக்கும் பிளக் மட்டும் நாட்டுக்கு நாடு வேறுபடுவது மனித குலத்தின் கூட்டு அறியாமை என்று கற்றோரும் மற்றோரும் ஒருமனதாகக் கருதி வருகின்றனர். வேறு எதிலும் உடன்படாதவர்கள்கூட விமான நிலையத்து அடாப்டர் கடையின் முன் இதில் உடன்பட்டுவிடுகின்றனர். ஐஇசி என்னும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் வீட்டு பிளக்குகளை ஏ முதல் ஓ வரை எழுத்திட்டு 15 வகைகளாகப் பட்டியலிட்டிருக்கிறது. தமிழின் உயிரெழுத்துகளைவிட இது மூன்று கூடுதல். இத்தனை எதற்கு, ஒன்று போதாதா என்ற வினா எழுவது இயல்பே. ஆனால் அந்த வினா, பிளக் என்பது பொருந்துவதற்காகவே படைக்கப்பட்டது என்னும் ஆராயப்படாத நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அந்த நம்பிக்கையின் அடியை அசைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருதுகோளும் ஆய்வெல்லையும்

இவ்வாய்வின் கருதுகோள் இது: பிளக்கின் தலையாய கடமை பொருந்தாமல் இருப்பது. பொருந்துவது அதன் துணைக்கடமை மட்டுமே. வெறுமனே பொருந்துவதற்கு பிளக் தேவையே இல்லை. இரண்டு கம்பி போதும். ஒயரின் முனையைச் சுரண்டி, துளைக்கு ஒன்றாகச் செருகி, நழுவாமல் தீக்குச்சியைத் திணித்து இறுக்கினால் எந்தக் கருவியும் எந்தச் சுவரிலும் இயங்கும் என்பதைத் தமிழ்நாட்டு மைக் செட்காரர்களும் பந்தல்காரர்களும் நெடுங்காலமாகச் செய்முறையில் மெய்ப்பித்து வந்துள்ளனர். தீக்குச்சியே நிறைவேற்றும் ஒரு பணிக்காக உலகம் இவ்வளவு பித்தளையையும் பிளாஸ்டிக்கையும் குழுக்கூட்டங்களையும் செலவிட்டிருக்காது. எனவே பிளக் எதையோ தடுப்பதற்காகவே வந்தது என்பதும், எதைத் தடுக்கிறது என்பதும் இங்கு ஆராயப்படும்.

தொழிற்சாலைகளின் பெரும் பிளக்குகளும், காரில் சிகரெட் பற்றவைக்கும் துளையும் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டன. கலைச்சொற்களைப் பொறுத்தவரை, எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டால் மறுபேச்சின்றி எடுத்துத் தரும் பெயர்களே இங்கு ஆளப்படுகின்றன: டூ பின், த்ரீ பின் டாப், பவர் பிளக், சாக்கெட், ஹோல்டர், ஃபேஸ், நியூட்ரல், எர்த். கடைக்காரருக்குப் புரியாத சொல்லில் மின்சாரத்தைப் பற்றி எழுதுவது ஆய்வு நெறிக்கு உகந்ததாக இருக்கலாம். உயிருக்கு உகந்தது அன்று.

எல்லாம் பொருந்திய காலம்

எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்திய காலம் ஒன்று இருந்ததா, இருந்திருந்தால் அது எப்படி இருந்தது என்பதை முதலில் காண வேண்டும். இருந்தது. வீடுகளுக்கு மின்சாரம் விளக்குக்காகவே வந்தது. சுவரில் சாக்கெட் கிடையாது. தலைக்கு மேல் ஹோல்டர் மட்டும் உண்டு. இஸ்திரிப் பெட்டியோ மின்விசிறியோ வாங்கியவர் பல்பைக் கழற்றிவிட்டு, அதே ஹோல்டரில் கருவியின் ஒயரைத் திருகினார். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஹார்வி ஹப்பெல் 1904-இல் காப்புரிமை பெற்ற பிரித்தெடுக்கும் பிளக்கும் இந்த ஹோல்டரை நம்பியே பிறந்தது: திருகிய பகுதி ஹோல்டரிலேயே நிற்கும், கருவியோடு வரும் பகுதியை மட்டும் இழுத்து எடுக்கலாம். ஜப்பானின் ஒசாகாவில் 1918-இல் மட்சுஷிதா கோனோசுகே தொடங்கிய சிறு தொழிலகம், பின்னாளில் பானசோனிக் என்று உலகறிந்த நிறுவனம், தன் தொடக்க காலத்தில் விற்ற சரக்குகளில் விளக்கு ஹோல்டரிலிருந்து மின்சாரம் எடுக்கும் பிளக்கும், ஒரே ஹோல்டரை இரண்டாகப் பிரிக்கும் இருகிளை சாக்கெட்டும் முக்கியமானவை. ஒளியும் வேண்டும், இஸ்திரியும் வேண்டும் என்ற வீடுகளுக்கு அது பெரும் வரம்.

ஆக, அது முழுப் பொருத்தத்தின் பொற்காலம். அந்தப் பொற்காலத்தின் குறை ஒன்றே: 60 வாட் பல்புக்கென்று போட்ட கம்பியில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை மாட்டுவது ஏறக்குறைய 17 பல்புகளை ஒரே ஹோல்டரில் எரிப்பதற்குச் சமம்; அதை ஹோல்டர் தடையின்றி ஏற்றுக்கொண்டது. 'என்னால் இயலாது' என்று சொல்லும் உறுப்பு அந்த அமைப்பில் எங்கும் இல்லை. கம்பி சூடாகி, மேலுறை உருகி, கருகிய வாடை வந்த பிறகே வீட்டாருக்குச் செய்தி தெரியும். இயலாது என்பதைக் கருகுவதற்கு முன்பே சொல்லக்கூடிய உறுப்பைப் படிப்படியாகச் செய்து சேர்த்த கதைதான் பிளக்கின் வரலாறு. அந்த உறுப்பு வடிவத்தால் பேசுகிறது. புகாத பின் என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும் எச்சரிக்கைப் பலகை.

அளவால் மறுத்தல்

இனி சான்றுகள். பிரிட்டன் 1934-இல் வெளியிட்ட பிஎஸ் 546 என்னும் தரம் 2, 5, 15, 30 ஆம்பியர் என்று நான்கு அளவு பிளக்குகளை வகுத்தது. நான்கிலும் மூன்று உருண்டைப் பின்கள், முக்கோண அடுக்கு, மேலே தடித்த எர்த். ஆனால் ஒன்று மற்றொன்றின் சாக்கெட்டில் புகாது. இந்த நால்வரில் நடு இருவர்தாம் இன்றும் இந்திய வீடுகளில் வாழ்கின்றனர்: பட்டியலில் டி வகை எனப்படும் 5 ஆம்ப்ஸ் பிளக்கும், எம் வகை எனப்படும் 15 ஆம்ப்ஸ் பவர் பிளக்கும். இந்தியத் தரம் அவற்றை 6 என்றும் 16 என்றும் திருத்திச் சொன்னாலும் கடைவீதி அந்தத் திருத்தத்தை இன்னும் முழுமனதாக ஏற்கவில்லை. முன்னதன் ஃபேஸ், நியூட்ரல் பின்களுக்கு இடையே 19 மில்லிமீட்டர். பின்னதற்கு 25 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆறு மில்லிமீட்டர் சொச்சம் உள்ள இந்த வேறுபாடுதான், சுடுநீர் ஹீட்டரை மேசைவிளக்கின் சாக்கெட்டில் மாட்டவிடாமல் தடுக்கிறது. வீட்டுக்காரருக்கு அது தொல்லை. சுவருக்குள் ஓடும் மெல்லிய கம்பிக்கோ தன் கருத்தைத் தெரிவிக்கக் கிடைத்த ஒரே வாய்ப்பு.

இந்த நெறி ஓரிடத்துப் பழக்கம் அன்று. ஆஸ்திரேலியாவில் 15 ஆம்பியர் பிளக்கின் எர்த் பின் மட்டும் அகலம். ஆகவே அது 10 ஆம்பியர் சாக்கெட்டில் புகாது, சிறியது பெரியதில் புகும். அமெரிக்காவின் 20 ஆம்பியர் பிளக்கில் ஒரு தகடு மற்றதற்குக் குறுக்காகத் திரும்பி நிற்கிறது. 15 ஆம்பியர் சாக்கெட்டின் முன் அது தோற்று நிற்கும். பிரேசிலில் 10 ஆம்பியர் பின்னின் தடிப்பு 4 மில்லிமீட்டர், 20 ஆம்பியருக்கு 4.8. ஒரு மில்லிமீட்டரிலும் குறைவான வேறுபாட்டை நம்பி ஒரு பெருநாடே உறங்குகிறது. தம்முள் கலந்து பேசாத நாடுகளும் ஒரே விதியில் வந்து நிற்கின்றன: சிறியது பெரியதில் புகலாம், பெரியது சிறியதில் புகலாகாது. பழைய பிஎஸ் 546 இதனினும் கடுமையானது. சிறியதையும் பெரியதில் விடாது. அதற்கும் காரணம் உண்டு: 15 ஆம்பியர் ஃபியூஸின் காவலில் மேசைவிளக்கின் மெல்லிய ஒயரை விட்டால், ஒயர் பழுதாகும்போது ஃபியூஸ் போவதற்கு முன்பே ஒயர் போய்விடக்கூடும். நம் ஊரில் இப்போது இரண்டையும் ஏற்கும் கூட்டுச் சாக்கெட்டுகள் பெருகியிருப்பது இந்தக் கடுமையைத் தளர்த்திய ஏற்பாடு என்பதை ஆய்வுலகம் கவனிக்க வேண்டும்.

இத்தாலி இந்நெறியைக் கருவூலத்துக்குப் பயன்படுத்தியது. அங்கே விளக்குக்கான மின்சாரத்துக்கு ஒரு வரி, கருவிகளுக்கான மின்சாரத்துக்கு வேறு வரி. வீட்டில் இரண்டுக்கும் தனித்தனி மீட்டர். ஒன்றை மற்றதில் மாட்டி ஏய்க்காதிருக்க, 10 ஆம்பியருக்கும் 16 ஆம்பியருக்கும் பின்னின் தடிப்பும் இடைவெளியும் மாற்றி வைக்கப்பட்டன. இரட்டை வரி மறைந்து பல பத்தாண்டுகள் ஆகியும் இரட்டை பிளக் மறையவில்லை. வருவாய்த் துறை கைவிட்ட ஒரு தடையைச் சுவர் இன்னும் காத்து நிற்பது, அரசாணையைவிட பித்தளைக்கு ஆயுள் அதிகம் என்பதற்குச் சான்று. டென்மார்க்கிலோ கணினிகளுக்கென்று ஒதுக்கிய இணைப்பில் பின்கள் சாய்ந்திருக்கும். துப்புரவுப் பணியாளரின் வேக்குவம் கிளீனர் அதில் நுழைந்து அலுவலகக் கணக்கையெல்லாம் அணைத்துவிடாதிருக்க இந்த ஏற்பாடு. பிரிட்டனின் நாடக அரங்குகள் 15 ஆம்பியர் உருண்டைப் பின்னை இன்றும் விளக்குகளுக்கு வைத்திருக்கின்றன. அதே நாட்டு வீடுகள் சிலவற்றில் சுவர்ச் சுவிட்சால் இயங்கும் மேசைவிளக்குக்குப் பழைய 2 அல்லது 5 ஆம்பியர் சாக்கெட் உண்டு. நாடே கைவிட்ட பிளக் இவ்விடங்களில் விரும்பி வைக்கப்படுவதற்குக் காரணம், வேறு எவரிடமும் அதற்குப் பொருந்தும் கருவி இல்லை என்பதே. பொருந்தாமை ஒரு பொருளின் முழுத் தகுதியாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1947: இரட்டைக் கைவிடல்

1947-இல் பிரிட்டன் இரண்டைக் கைவிட்டது: ஒன்று இந்தியா, மற்றொன்று உருண்டைப் பின். இந்தியா முதலாவதை மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டு, இரண்டாவதையும் தானே வைத்துக்கொண்டது. அவ்வாண்டில் வெளிவந்த பிஎஸ் 1363 என்னும் தரமே பட்டியலின் ஜி வகை. மூன்று தட்டைப் பின் கொண்ட 13 ஆம்பியர் பிளக். இதன் வடிவத்தைப் பார்த்து, ஆங்கிலேயர் எதையும் பெரிதாகச் செய்வர் என்று எளிய விளக்கம் தருவோர் உண்டு. உண்மையான காரணம் ஒரு சங்கிலி. போர்க்காலத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு. போருக்குப் பின் கட்டவேண்டிய வீடுகளுக்குக் குறைந்த செம்பில் ஒயரிங் செய்ய, எல்லாச் சாக்கெட்டுகளையும் ஒரே வளையத்தில் கோக்கும் முறையை, இதை ஆராய அமைக்கப்பட்ட குழு பரிந்துரைத்தது. வளையத்தின் ஃபியூஸ் 30 ஆம்பியர் ஆகிவிட்டதால் ஒவ்வொரு கருவியின் மெல்லிய ஒயரையும் அது காக்காது. எனவே ஃபியூஸ் பிளக்குக்குள்ளேயே வர வேண்டியதாயிற்று. ஃபியூஸ் இல்லாத பழைய பிளக் எதுவும் அந்த வளையத்துக்குள் நுழையவே கூடாது. அதனால் பின் தட்டையாயிற்று. அதாவது, ஜி வகையின் வடிவத்தைத் தீர்மானித்தது எது உள்ளே வர வேண்டும் என்பதைவிட, எது வரக்கூடாது என்பதே.

அந்தக் குழுவின் ஒரே பெண் உறுப்பினர் கரோலின் ஹாஸ்லெட். குழந்தைகளின் பாதுகாப்பைத் தேவைகளின் வரிசையில் முன்னிறுத்தியவர். அதன் விளைவு சாக்கெட்டின் உள்ளே இருக்கும் மூடி: எர்த் பின் மற்றவற்றைவிட நீளம், அது முதலில் நுழைந்து மூடியை விலக்கினால்தான் ஃபேஸ் துளை திறக்கும். குழந்தையின் விரலும் கொண்டை ஊசியும் அந்த மூடியின் முன் நின்றுவிடும். ஃபியூஸ் மறுக்கிறது, மூடி மறுக்கிறது, பின்னின் வடிவம் மறுக்கிறது. கழற்றித் தரையில் போட்டால் மூன்று பின்களும் மேல்நோக்கி நிற்பதால், ஒழுங்கில்லாதவரை இருட்டில் தண்டிக்கும் நான்காவது பணியையும் இது செய்கிறது. இப்பணி தரநூலில் எழுதப்படவில்லை. இத்தனை மறுப்புகளைக் கொண்ட இந்த பிளக்கையே சிங்கப்பூரும் மலேசியாவும் ஹாங்காங்கும் ஏற்றன. இந்தியாவைப் போலவே உருண்டைப் பின்னோடு வாழ்ந்த இலங்கையும், பலவகைச் சாக்கெட்டுகளின் குழப்பத்துக்குப் பிறகு, 13 ஆம்பியரையே தன் தரமாகத் தேர்ந்தது.

நிலைமொழியும் வருமொழியும்

மறுப்பை மீறுவோர் எங்கும் உளர். அவர்தம் முறைகளை வகைப்படுத்த மின்பொறியியல் நூல்களில் போதிய கருவி இல்லை. தமிழ் இலக்கணத்தில் உண்டு. சுவரில் நிலைத்திருக்கும் சாக்கெட்டை நிலைமொழி என்றும், வந்து சேரும் பிளக்கை வருமொழி என்றும் கொண்டால், இரண்டின் சேர்க்கை புணர்ச்சி விதிக்கு முழுதும் உட்படுகிறது. எவ்வித மாற்றமுமின்றி இரண்டும் சேர்ந்தால் இயல்புப் புணர்ச்சி. மாற்றம் நேர்ந்தால் விகாரப் புணர்ச்சி. அது தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும். இடையில் ஓர் அடாப்டர் முளைப்பது தோன்றல். பின்னை இடுக்கியால் வளைத்தும் அரத்தால் ராவியும் துளைக்கு ஏற்ப ஆக்குவது திரிதல். த்ரீ பின் டாப்பின் எர்த் பின்னை வெட்டி எறிந்து, டூ பின் சாக்கெட்டில் சேர்ப்பது கெடுதல். இம்மூன்றில் கடைசியானது அமெரிக்காவிலும் அறியப்பட்ட வழக்கு என்பதால் இவ்விலக்கணம் மொழிகடந்தது என்பது உறுதியாகிறது.

இந்த மூன்றுக்கும் அடங்காத ஒன்று எஞ்சுகிறது. ஜி வகைச் சாக்கெட்டின் எர்த் துளையில் பேனாவை விட்டு மூடியைத் திறந்து, கீழே டூ பின்னைச் செருகும் வழக்கம் ஹாங்காங் முதல் லண்டன் வரை உண்டு. எர்த் வந்துவிட்டது என்று சாக்கெட்டிடம் பொய் சொல்லும் உத்தி இது. இதைப் 'போலி' என்னும் தனி வகையாக இக்கட்டுரை முன்மொழிகிறது. நான்குக்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு: கருவி இயங்கும். விளக்கு எரியும், மிக்ஸி சுற்றும், செய்தவர் தன் கைத்திறனை மெச்சிக்கொள்வார். எர்த் இல்லாததை எர்த் தேவைப்படும் நாள் வரை எதுவும் காட்டிக்கொடுக்காது. இயங்குவது பொருத்தத்துக்குச் சான்று என்று நம்புவோர் இந்த இடத்தில் நின்று யோசிக்கலாம்.

மறுப்புரைகளும் விடைகளும்

முதல் மறுப்பு சி வகையைக் காட்டும். யூரோபிளக் என்று வழங்கும் இந்த மெல்லிய டூ பின், ஜெர்மனியின் சாக்கெட்டிலும் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் இத்தாலியிலும் டென்மார்க்கிலும் புகுகிறது. பொருந்துதலே பிளக்கின் இயல்பு என்பதற்கு இது சான்றாகாதா? ஆகாது. யூரோபிளக் 2.5 ஆம்பியருக்கு மேல் தாங்காது, எர்த் கேட்காது. விருந்துக்கு வந்து தண்ணீர் மட்டும் கேட்பவருக்கு எல்லா வீட்டிலும் வரவேற்பு உண்டு. அதுவும் நம் டி வகைத் துளையில் நுழைந்தால் நிலைமை வேறு: 4 மில்லிமீட்டர் பின், 5 மில்லிமீட்டருக்காகச் செய்த துளையில் ஆடும், பொறி பறக்கும், சார்ஜர் ஏறியும் ஏறாமலும் இருக்கும். நெறிப்படி பொருந்துவதும் தற்செயலாக நுழைவதும் வேறு வேறு.

இரண்டாம் மறுப்பு, எல்லா வகையையும் ஏற்கும் பலதுளைச் சாக்கெட்டைக் காட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களில் இன்று காணப்படும் இத்துளைகள் உருண்டையும் தட்டையும் சாய்ந்ததும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, இன்ன வடிவம் என்று சொல்ல முடியாதவை. எல்லாப் பின்னையும் ஏற்க வேண்டிய தகடு எந்தப் பின்னையும் இறுகப் பற்ற முடியாது. தொடும் பரப்பு குறைந்தால் மின்தடை கூடும். மின்தடை கூடினால் அவ்விடம் சூடாகும். சூடானால் தகட்டின் பிடி மேலும் தளரும். ஜெர்மானியக் கருவியின் எர்த் அதன் பக்கவாட்டில் இருப்பதால், அது இச்சாக்கெட்டில் நுழைந்தாலும் எர்த் தொடாது. நூற்றாண்டுக்கு முன் விட்டுவந்த விளக்கு ஹோல்டரின் பொற்காலத்துக்கே இது திரும்பிப்போகிறது.

மூன்றாம் மறுப்புதான் வலுவானது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒரு நாட்டுக்குள் 5 ஆம்பியரும் 15 ஆம்பியரும் பொருந்தாமல் இருப்பது காரணத்தோடு வந்தது; ஆனால் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் இடையிலான பொருந்தாமைக்கு என்ன காரணம்? இரண்டிலும் 230 வோல்ட், இரண்டிலும் 16 ஆம்பியர். அங்கங்கே அவரவர் ஒன்றைச் செய்தனர், மாற்ற மனமில்லை, அவ்வளவுதானே? ஆம், தோற்றம் தற்செயலே. ஆனால் பின்னர் நடந்ததைப் பார்க்க வேண்டும். பிரெஞ்சுச் சாக்கெட்டில் எர்த் ஒரு பின்னாக வெளியே நீட்டி நிற்கும். ஜெர்மானியச் சாக்கெட்டில் எர்த் ஓரத்துப் பட்டைகளில் இருக்கும். இரண்டுக்கும் ஏற்ப, ஓரத்தில் பட்டையும் நடுவில் ஒரு துளையும் கொண்ட கூட்டு பிளக் உருவாயிற்று. இன்று ஐரோப்பியக் கருவிகள் பலவும் அதனோடுதான் வருகின்றன. ஆக, காரணமற்ற பொருந்தாமை சத்தமின்றிக் கரைந்துவிட்டது. காரணமுள்ளது கரையவில்லை. 120 வோல்ட் அமெரிக்கக் கருவி 230 வோல்ட் ஐரோப்பியச் சுவரில் தானாகப் புகாதது இருவருக்கும் நன்மை. அத்தகைய தடை இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதையும் உலகம் காட்டுகிறது: பிலிப்பைன்ஸில் அமெரிக்கத் தட்டைப் பின் வடிவத்திலேயே 230 வோல்ட் வருகிறது, பிரேசிலில் சில ஊர்களில் 127, சில ஊர்களில் 220, இரண்டுக்கும் ஒரே பிளக். அங்கே வடிவம் மௌனம் காப்பதால், கருவியின் மேல் ஒட்டிய எண்ணை வாசிக்கும் பொறுப்பு மனிதர் தலையில் விழுகிறது. மனிதர் எண்ணை வாசிப்பது கருகிய பிறகே என்பது ஹோல்டர் காலத்திலேயே நிறுவப்பட்டது.

உலகப் பொது பிளக்கின் கதி

இனி, கருதுகோளுக்கு இறுதிச் சோதனை. ஐஇசி 1986-இல் உலகுக்கெல்லாம் ஒரே பிளக் என்னும் நோக்கத்தோடு ஐஇசி 60906-1 என்ற தரத்தை வெளியிட்டது: 250 வோல்ட், 16 ஆம்பியர், மூன்று உருண்டைப் பின், நடுவில் நிற்கும் எர்த் 3 மில்லிமீட்டர் விலகியிருக்கும். வடிவமைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐரோப்பியத் தரநிலை அமைப்பு அதை ஐரோப்பாவுக்குப் பொதுவாக்க முயன்று 1990-களில் கைவிட்டது. 2017-இல் ஐரோப்பிய ஆணையத்துக்கான ஓர் ஆய்வுரை கணக்குப் போட்டது: பழைய சாக்கெட்டுகளை எல்லாம் மாற்ற 10,000 கோடி யூரோ, 75 ஆண்டுக்கு மேற்பட்ட இடைக்காலம், சுமார் 7 லட்சம் டன் மின்கழிவு. பிரேசில் அத்தரத்தை ஏற்றது, ஆனால் அளவை மாற்றி, மேலே கண்டபடி 4 என்றும் 4.8 என்றும் இரண்டாகப் பிரித்து ஏற்றது. தென்னாப்பிரிக்கா அதன் மூல வடிவத்துக்கு நெருக்கமாக ஏற்றது. இரண்டும் என் வகை என்று ஒரே எழுத்தில் பட்டியலில் சேர்ந்தன. எல்லாவற்றையும் ஒழிக்க வந்த பிளக், எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிட்டுத் தானும் இரண்டாகப் பிரிந்து நின்றது.

இதனினும் சுவையான சான்று ஜெனீவாவில் உள்ளது. ஐஇசியின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஜே வகை பிளக் ஐஇசியின் பொது பிளக்கைப் போலவே அறுகோணத்தை ஒட்டிய உடலும் மூன்று உருண்டைப் பின்னும் கொண்டது. கண்ணால் பார்த்தால் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் சுவிஸ் எர்த் 5 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. 3 என்றால் உலகம், 5 என்றால் சுவிட்சர்லாந்து. அந்த 2 மில்லிமீட்டரால் உலகப் பொது பிளக், அதைப் பெற்றெடுத்த நகரின் சுவரிலேயே நுழைய முடியாமல் போகிறது. 1989-இல் இஸ்ரேல் தன் தட்டைப் பின்னை உருண்டையாக்கி ஐரோப்பாவோடு ஒட்டிக்கொண்டதும், தாய்லாந்து பௌத்த ஆண்டு 2549 என்று எண்ணிட்டுத் தனக்கென ஓ வகையை வகுத்ததும் இந்த உலகப் பொதுத் தரம் வெளிவந்த பிறகே நிகழ்ந்தவை. ஒற்றுமைக்கான ஒவ்வொரு முயற்சியும் பட்டியலை நீட்டிய வரலாற்றைக் கண்டபின், மனிதர் இயற்கையாகவே பொருத்தத்தை நாடுகின்றனர் என்ற கொள்கையைத் தாங்குவது கடினம்.

இறுதி எதிரி யூஎஸ்பி-சி. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் கைபேசிகளுக்கு அதுவே கட்டாயம். எப்பக்கம் திருப்பினாலும் புகும், எக்கருவியிலும் புகும். பொருந்தாமைக் கோட்பாடு இங்கே முறிகிறதல்லவா? முறியவில்லை, இடம் மாறியிருக்கிறது. யூஎஸ்பி-சி முதலில் 5 வோல்ட் மட்டும் தரும். பிறகு சார்ஜரும் கருவியும் தமக்குள் பேசி, ஒப்புதல் கிடைத்தால் படிப்படியாக 48 வோல்ட், 240 வாட் வரை ஏற்றும். 3 ஆம்பியருக்கு மேல் என்றால் கேபிளுக்குள் ஒரு சிப் இருந்து தன் தகுதியைச் சொல்ல வேண்டும். சொல்லாத கேபிளுக்கு அந்த அளவு மறுக்கப்படும். பித்தளையின் வடிவம் சொல்லிவந்த 'முடியாது' என்ற சொல்லை இப்போது சிப் சொல்கிறது. முன்பு மறுப்பு கண்ணுக்குத் தெரிந்தது, இப்போது தெரியவில்லை. அதனால்தான் ஒரே தோற்றமுள்ள இரண்டு கேபிள்களில் ஒன்று லேப்டாப்பை ஏற்றுகிறது, மற்றொன்று ஏற்ற மறுக்கிறது. வீட்டார் கேபிளைத் திட்டுகின்றனர். அந்த யூஎஸ்பி-சி சார்ஜரின் மறுமுனை எதில் முடிகிறது என்றும் பார்க்க வேண்டும்: ஏ முதல் ஓ வரை ஏதோ ஓர் எழுத்தில்.

முடிவுரையும் மேலாய்வுக்கான களங்களும்

மேற்கண்ட சான்றுகளால் பெறப்படுவது: பிளக் என்பது மறுப்பதற்காகச் செய்யப்பட்ட கருவி, பொருந்துதல் அது தரும் விதிவிலக்கு. நல்ல மறுப்பு காரணத்தோடு வருகிறது, நிலைக்கிறது. காரணமற்ற மறுப்பு கூட்டு பிளக்கில் கரைகிறது அல்லது சுவரை இடிக்கும் செலவுக்கு அஞ்சி உயிர்வாழ்கிறது. ஆகவே சாக்கெட் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் இதில் எதெல்லாம் நுழையும் என்று கேட்பதை விட்டு, எதெல்லாம் நுழையாது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்குவது நலம்.

இத்தலைப்பில் மேலும் ஆய்வு செய்ய இடமுண்டு. சீனச் சுவர்களில் எர்த் மேலேயும் ஆஸ்திரேலியச் சுவர்களில் கீழேயும் இருக்க, இரண்டும் ஒரே ஐ வகையாக எண்ணப்படுவதன் மெய்யியல், அதே வடிவை ஏற்ற அர்ஜென்டினா ஃபேஸையும் நியூட்ரலையும் இடம் மாற்றிக்கொண்டதன் உளவியல், தமிழ் வீடுகளில் பவர் பிளக் எப்போதும் பீரோவுக்குப் பின்னால் அமைவதன் சமூகவியல் ஆகியவை தனித்தனி ஆய்வேடுகளுக்குரியவை. களப்பணிக்குச் செல்லும் மாணவர் கையில் டெஸ்டரும் காலில் ரப்பர் செருப்பும் இன்றிச் செல்லலாகாது; களப்பணி முடியும் வரை நெறியாளர் மெயின் சுவிட்ச் அருகிலேயே நிற்க வேண்டும்.